குசினியையும் வளவையும் சேர்த்து நடத்துவது எப்படி? திருகோணமலை வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. வெறும் காஸ் சிலிண்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு விடியற்காலை 4 மணிக்கே வரிசையில் நின்று, மத்தியானம் "இன்றைக்கு லொறி வராது" என்று கேட்டுவிட்டு அதே வெறும் சிலிண்டரோடு வீடு திரும்பிய நாட்கள் எனக்கு நல்ல ஞாபகம். 12.5 கிலோ சிலிண்டர் அந்த ஆண்டு 5000 ரூபாயை நெருங்கியது. வீட்டில் அரிசி இருந்தது, அவிக்க வழி இல்லை. பக்கத்து வளவில் ஒரு ஆச்சி மட்டும் மூன்று கல் அடுப்பில் சோறு வடித்து, வேலியில் பிடுங்கிய முசுட்டை இலையில் சுண்டல் செய்துகொண்டிருந்தார். அன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சோறு அங்கேதான்.

அந்த ஆச்சியைப் பார்த்துத்தான் நான் தோட்டம் தொடங்கினேன். அவரிடம் கற்ற முக்கியமான பாடம், வளவும் அடுப்பும் இரண்டு வேலை அல்ல என்பது. வேலியை வெட்டினால் கொப்பு அடுப்புக்கு, இலை பாத்திக்கு. அரிசி கழுவின தண்ணீர் கொச்சிக்கன்றுக்கு, அடுப்புச் சாம்பல் விதைப் போத்தலுக்கு. இதை விளங்கிக்கொள்ளாமல் தோட்டத்தைத் தனியாகவும் சமையலைத் தனியாகவும் பார்த்ததால் என் முதல் வருடம் வீணாகப் போனது. ஆகவே இந்த வழிகாட்டியில் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் வளவைப் பாருங்கள்

திருகோணமலையில் எல்லா வளவும் ஒன்றல்ல. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, கிண்ணியா என்று கரையோரம் முழுக்க மணல். தண்ணீர் ஊற்றினால் கண் முன்னாலேயே கீழே இறங்கிவிடும். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் உள்ளே போனால் செம்மண்ணும் வயல் மண்ணும். அங்கே மாரியில் தண்ணீர் தேங்குவதுதான் பிரச்சினை. ஒரு முழ ஆழக் குழி வெட்டி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் காணாமல் போனால் மணல் வளவு. ஒரு மணித்தியாலம் கழித்தும் நின்றால் வடிகால் வேண்டும்.

அடுத்தது கிணறு. கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் வைகாசி தொடங்கி ஆவணி வரை மாதம் ஒரு முறையாவது தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பரில் கடல் ஏறிய பிறகு உவர்த்துப்போன கிணறுகளைப் பார்த்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். மழைக்காலத்தில் நல்ல தண்ணீராக இருக்கும் கிணறுகூடக் கோடையில் அதிகம் இறைத்தால் உவர்க்கும். உவர்ப்புத் தட்டினால் பயித்தங்காயும் கொச்சிக்காயும் முதலில் வாடும். முளைக்கீரையும் பசளியும் ஓரளவு தாங்கும். அப்படிப்பட்ட தண்ணீரை இலையில் தெளிக்காதீர்கள், அடியில் விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நிறைய விட்டால் வேரைச் சுற்றிய உப்புக் கழுவுப்பட்டுக் கீழே இறங்கும்.

மூன்றாவது காற்று. இதைத்தான் புதிதாகத் தொடங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள். கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக அடிக்கும்போது காலையில் தளதளவென்று நின்ற கத்தரி மத்தியானம் வெந்த கீரை மாதிரித் தொங்கும். மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு இல்லாமல் கோடையில் தோட்டம் செய்யவே முடியாது. வாழை வரிசை, அகத்தி, சோளம், இல்லாவிட்டால் கிடுகு. எதுவானாலும் சரி, கச்சானுக்கு முன்னால் அது நிற்க வேண்டும்.

வேலியிலிருந்து தொடங்குங்கள்

பாத்தி வெட்டுவதற்கு முன் வேலிக்குக் கதியால் (நட்டால் வேர்பிடித்துத் தளிர்க்கும் கொப்பு) போடுங்கள் என்பது என் பிடிவாதமான கருத்து. போட வேண்டியது கிளிசரிடியா. சீமைக்கிளுவை என்றும் சொல்வார்கள். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது பெருந்தோட்டப் பயிர் என்று நம் நாட்டில் இதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இலையில் தழைச்சத்து நிறைய உண்டு, அதனால் யூரியா வாங்க வேண்டிய அளவு குறையும். கொப்பு நன்றாக எரியும்.

ஐப்பசி முதல் மழை விழுந்ததும், பெருவிரலைவிடக் கொஞ்சம் தடிப்பான, ஐந்தடி நீளக் கொப்புகளை வெட்டுங்கள். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் பிழை வராது. அலவாங்கால் ஒரு அடி ஆழத் துளை போட்டு இறக்கி, மண்ணை இறுக்கி மிதித்துவிடுங்கள். ஒன்றரை அடிக்கு ஒன்று போதும். முதல் வருடம் வெட்டக் கூடாது, வேர் பிடிக்க விட வேண்டும். இரண்டாம் வருடத்திலிருந்து மூன்று நாலு மாதத்துக்கு ஒரு தடவை இடுப்பு உயரத்தில் வெட்டலாம். வெட்டிய அன்றே இலையை உருவிப் பாத்தியில் போட்டுவிட்டு, கொப்பை ஒரு முழத் துண்டுகளாக்கி மழை படாத தாழ்வாரத்தில் அடுக்குங்கள். இரண்டு மாதம் காய்ந்தால் அடுப்புக்கு வரும்.

வேலியோரத்திலேயே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு தேசி, இரண்டு பப்பாசி வைத்துவிடுங்கள். இவை நாலும் கடையில் அடிக்கடி காசு கேட்கிற சாமான்கள்.

மணலுக்குப் பொச்சுமட்டை

இனிப் பாத்தி. அரை பேர்ச் இடம் போதும், கிட்டத்தட்ட 136 சதுர அடி. மூன்றடி அகலம், பத்தடி நீளத்தில் நாலு பாத்தி வரும். முதல் வருடமே கால் ஏக்கருக்கு ஆசைப்பட்டு, இரண்டாம் மாதத்தில் புல்லுக்கு விட்டுக்கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

மணல் வளவில் எருவை மேலே போட்டால் ஒரே மாரியில் அது கிணற்றுக்குப் போய்விடும். தண்ணீரும் எருவும் தங்க ஏதாவது அடியில் வேண்டும். நம் ஊரில் அது தாராளமாகக் கிடைக்கிறது: பொச்சுமட்டை. செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் தோட்டம் நிமிர்ந்தது இதனால்தான்.

மட்டைகளை ஒரு பழைய தொட்டியிலோ குழியிலோ போட்டு ஒரு கிழமை ஊறவிடுங்கள். தண்ணீர் தேயிலைச் சாயம் போல மாறும். அதை ஊற்றிவிட்டு ஒரு தடவை மாற்றுங்கள், அந்தச் சாயம் இளங்கன்றின் வேருக்கு ஆகாது. பாத்திக்குரிய இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை அள்ளி ஒரு பக்கம் குவியுங்கள். ஊறிய மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க, கிண்ணம் அடுக்குவது போல நெருக்கமாக அடுக்குங்கள். ஒவ்வொரு மட்டையும் ஒரு சின்னத் தொட்டி. அதன் மேல் இரண்டு விரல் மண். பிறகு இன்னொரு அடுக்கு மட்டை. அதற்கு மேல் கிளிசரிடியா இலையும் காய்ந்த மாட்டெருவும் நாலு அங்குலம். கடைசியில் அள்ளிய மண்ணோடு பாதிக்குப் பாதி கூட்டெரு கலந்து மூடுங்கள். இரண்டு கிழமை ஆறவிட்டு நடலாம். இப்படி அடுக்கியது மூன்று நாலு வருடம் வேலை செய்யும். முன்பு காலை மாலை என்று இரண்டு தடவை தண்ணீர் விட்ட பாத்திக்கு இப்போது கோடையில்கூட ஒரு தடவை போதுமாக இருக்கிறது.

இன்னொன்று. மாரிக்கும் கோடைக்கும் பாத்தியின் வடிவம் வேறு. புரட்டாசியில் நிலமட்டத்திலிருந்து அரை அடி உயர்த்திக் கட்டுங்கள், கார்த்திகை மார்கழி மழையில் வேர் அழுகாது. மாசி பிறந்ததும் அந்த மேட்டைத் தட்டி, ஓரத்தில் வரம்பு வைத்து, நிலமட்டத்துக்குக் கீழே கொஞ்சம் பள்ளமாக்குங்கள். விடுகிற தண்ணீர் ஓடாமல் நிற்கும். பள்ளமாக்கிய பாத்தியின் மேல் வைக்கோல், காய்ந்த இலை, தென்னோலை என்று எதையாவது மூன்று விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும். வெறும் மணல் வெயிலில் கிடந்தால் வேர் வெந்துவிடும்.

கூட்டெரு

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். இதைவிடச் சிறிதாக இருந்தால் உள்ளே சூடு ஏறாது. காய்ந்தது ஒரு சாண் (வைக்கோல், சருகு, வெட்டிய வாழைத்தடல்), பச்சை அரைச் சாண் (கிளிசரிடியா, குசினிக் கழிவு, புல்), மேலே மாட்டெருக் கரைசல் ஒரு வாளி. இப்படி அடுக்கிக்கொண்டு போங்கள். மூன்றாம் நாள் ஒரு கம்பியை நடுவில் குத்தி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து இழுத்துத் தொட்டால் சுட வேண்டும். சுடவில்லை என்றால் தண்ணீரோ பச்சையோ போதவில்லை. நாற்றம் அடித்தால் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை புரட்டுங்கள். இரண்டரை மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த காட்டு மண் வாசம் வரும். மீன் கழிவைப் போடலாம், ஆனால் குவியலின் நடுவில் ஆழமாகப் புதைக்க வேண்டும். மேலே போட்டால் நாயும் காகமும் ஊர் முழுக்கக் கொண்டுபோகும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் தளர்த்தியபோது, கூட்டெரு என்ற பெயரைக் கேட்டாலே சனத்துக்குக் கோபம் வந்தது. வயலை ஒரே போகத்தில் மாற்றச் சொன்னதால் வந்த கோபம் அது, நியாயமானதும்கூட. வீட்டுத் தோட்டத்தின் கதை வேறு. அரை பேர்ச்சுக்குத் தேவையான எருவை ஒரு குடும்பம் தன் கையாலேயே செய்துகொள்ளலாம்.

எப்போது எதை நடுவது

நம் மழை வடகீழ்ப் பருவத்து மழை, ஐப்பசி முதல் தை வரை. ஆகவே வேலை ஆவணியிலேயே தொடங்க வேண்டும். ஆடி ஆவணியில் விழும் வேப்பங்கொட்டையைப் பொறுக்கி நிழலில் காயவைப்பது முதல் வேலை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புரட்டாசி நடுவில் கத்தரிக்கும் கொச்சிக்கும் நாற்றுமேடை போடுங்கள். ஒரு மாதத்தில், நாலைந்து இலை வந்ததும், நடலாம். கத்தரி இரண்டரை அடிக்கு ஒன்று, கொச்சி ஒன்றரை அடிக்கு ஒன்று. நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆறு கத்தரி, பத்துக் கொச்சி தாராளம். கத்தரியில் திருநெல்வேலி பர்ப்பிள், கொச்சியில் எம்.ஐ.2, வெண்டியில் எம்.ஐ.5, பாகலில் திருநெல்வேலி வெள்ளை. இவை நம் வரண்ட பக்கத்துக்குப் பழகிய இனங்கள், விதை எடுத்து மறுபடி போடலாம். எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம ஆராய்ச்சி நிலையத்தைக் குறிக்கும். கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

வெண்டியும் பயித்தையும் நாற்று வேண்டாம், நேரே பாத்தியில் ஊன்றுங்கள். ஒரே நாளில் எல்லா விதையையும் ஊன்றாமல், இரண்டு கிழமைக்கு ஒரு தடவை எட்டு வெண்டி என்று பிரித்துப் போட்டால் ஒரே நேரத்தில் காய்த்துக் குவியாது. தக்காளியை மாரியில் போட்டு அழுகவிடாதீர்கள். மார்கழியில் நாற்றுப் போட்டு, தையில் மழை குறையும்போது நட்டால், மாசி பங்குனியில் நல்ல காய். பூசணி, பீர்க்கு, புடோலுக்குத் தை நல்ல மாதம், பந்தலை மேற்கு வெயில் படும் பக்கம் போட்டால் கீழே கீரைக்கு நிழலாகவும் இருக்கும்.

கோடைக்கு என்று தனியாக ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள்: மரவள்ளி, வற்றாளை, முருங்கை, பசளி, பொன்னாங்காணி, வல்லாரை. கடைசி மூன்றும் கிணற்றடியில், குளிக்கிற தண்ணீர் ஓடும் பக்கத்தில் தானாகவே பிழைக்கும்.

மரவள்ளி பற்றி ஒரு எச்சரிக்கை. தோண்டிய அன்றே சமைத்துவிடுங்கள். உள்ளே நீலக்கோடு விழுந்திருந்தால் எறிந்துவிடுங்கள். தோலை முழுதாக நீக்கி, நிறையத் தண்ணீரில், மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதிலுள்ள நஞ்சு ஆவியோடும் தண்ணீரோடும் வெளியே போக வேண்டும். கீழே சொல்லப்போகும், சூடு ஆறாமல் மூடி வேகவைக்கும் மீன்பெட்டியில் மரவள்ளியை மட்டும் ஒருபோதும் வைக்காதீர்கள்.

மானும் மாடும் பூச்சியும்

திருகோணமலை நகரத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள் வீதியில் நடமாடுவது வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கை. தோட்டம் செய்பவர்களுக்கு அது ஒரு இரவில் முடிந்துபோகும் பயித்தைப் பந்தல். கட்டாக்காலி மாடும் அப்படித்தான். மீனவர்கள் கழித்த பழைய வலை நல்ல மலிவான மறைப்பு. ஆறடி உயரத்துக்கு இழுத்து விறைப்பாகக் கட்டுங்கள். தொளதொளவென்று தரையில் கிடந்தால் பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும்.

பூச்சிக்கு அந்த வேப்பங்கொட்டை. 50 கிராமை இடித்து ஒரு லீற்றர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, இரண்டு துளி சவர்க்காரக் கரைசல் விட்டுப் பின்னேரத்தில் இலையின் அடிப்பக்கத்துக்கு அடியுங்கள். வெயிலில் அடித்தால் அதன் சத்து போய்விடும். கிழமைக்கு ஒரு தடவை போதும். கத்தரிக் குருத்து திடீரென்று வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்தக் குருத்தை ஒரு விரல் கீழே வெட்டி நேரே அடுப்பில் போடுங்கள். பாகற்பிஞ்சுக்குப் பேப்பர் உறை மாட்டினால் பழ ஈ குத்தாது. கொச்சி இலை சுருண்டு குருத்து குறண்டிப்போனால் அந்தச் செடியைப் பார்த்துப் பரிதாபப்படாமல் பிடுங்கிவிடுங்கள், மற்ற ஒன்பதும் தப்பும்.

தண்ணீர் சேர்த்து வைக்கும் வாளி, தொட்டி எல்லாம் மூடி இருக்க வேண்டும். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு என்ன பாடுபடுத்தியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

இனி அடுப்பு

காஸை முழுக்க விட்டுவிடச் சொல்லவில்லை. காலையில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி வைக்கக் காஸ் வசதிதான். ஆனால் சோறு, பருப்பு, கடலை, கிழங்கு என்று நேரம் எடுக்கும் எல்லாவற்றையும் காஸிலிருந்து இறக்கிவிட்டால், ஆறு கிழமையில் முடிந்த சிலிண்டர் எங்கள் வீட்டில் இப்போது நாலு மாதத்துக்குக் கிட்ட ஓடுகிறது.

விறகுக்கு மூன்று கல் அடுப்பைவிட இரட்டை அடுப்பு நல்லது. 1980களில் நம் நாட்டில் உருவான அனகி அடுப்பு ஒரே துண்டாகச் சுட்ட களிமண் அடுப்பு. முன்னால் உள்ள வாயில் வைத்த நெருப்பே பின்வாய்க்கும் போகும். முன்னால் சோறு, பின்னால் கறி அல்லது சுடுதண்ணீர். வாங்கியதும் அப்படியே எரித்தால் வெடிக்கும். களிமண்ணோடு உமியும் சாம்பலும் பிசைந்து சுற்றிவர மூன்று அங்குலம் அணைத்து, இரண்டு கிழமை நிழலில் காயவிட்டு, முதல் சில நாள் சின்ன நெருப்பாக எரியுங்கள். விறகு பெருவிரல் தடிப்பில் இருக்கட்டும். பெரிய கட்டையை வைத்து ஊதுகுழலால் ஊதி ஊதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். புகை வந்தால் விறகு காயவில்லை என்று அர்த்தம். தென்னம்பாளை, பன்னாடை, சிரட்டை எல்லாம் மூட்டுவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். எரிப்பது பெண்கள், இருமுவதும் பெண்கள் என்ற நிலை இனியும் வேண்டாம். அடுப்புக்கு மேலே கூரையில் புகை போக ஒரு இடைவெளி விடுவது வீட்டு ஆண்களின் ஒரு நாள் வேலை.

மீன்பெட்டியில் சோறு

என் வீட்டில் அதிகம் விறகு மிச்சம் பிடித்தது ஒரு பழைய ரெஜிபோம் மீன்பெட்டி. ஐஸைக் கரையாமல் வைத்திருக்கும் பெட்டி சூட்டையும் ஆறாமல் வைத்திருக்கும், அவ்வளவுதான் இதன் தத்துவம். மீன் வியாபாரிகளிடம் மூடி உள்ள, உடையாத பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். சாம்பலும் தேசிக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூன்று நாள் வெயிலில் வையுங்கள். வாடை போய்விடும்.

அடியில் உமி நிரப்பிய ஒரு சாக்குத் தலையணை, மூன்று அங்குலக் கனம். சுற்றிவரப் பழைய சாரமோ சேலையோ, இடைவெளியில் காய்ந்த தும்பு. சுடுபானை ரெஜிபோமில் நேரே முட்டினால் உருகிவிடும், ஆகவே எல்லாப் பக்கமும் துணி இருக்க வேண்டும். பானையின் மேல் வைக்க இன்னொரு தலையணை.

ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் தண்ணீர். ஆவி வெளியே போகாததால் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் தண்ணீர் வேண்டும், நாட்டரிசிக்கு இன்னும் அரைக் கப் கூடுதலாக விடலாம். அரிசியை அரை மணித்தியாலம் ஊறவைத்து, மூடியோடு கொதிக்கவிட்டு, நன்றாகக் கொதித்த பிறகு ஏழு நிமிடம் வைத்திருங்கள். மூடியைத் திறக்காமல் அப்படியே தூக்கிப் பெட்டிக்குள் இறக்கி, தலையணையை அமர்த்தி, பெட்டி மூடியின் மேல் ஒரு கல் வையுங்கள். 50 நிமிடம். நடுவில் திறந்து பார்க்கக் கூடாது, பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். திறக்கும்போது சோறு பருக்கை பருக்கையாக, அடிப்பிடிக்காமல், முகத்தில் ஆவி அடிக்க நிற்கும்.

பருப்பு பத்து நிமிடம் கொதித்து முக்கால் மணித்தியாலம். கடலையும் கௌபியும் இரவு ஊறவைத்து, 20 நிமிடம் கொதிக்கவிட்டு, மூன்று மணித்தியாலம் பெட்டியில், பிறகு மறுபடி ஐந்து நிமிடம் கொதி. பானை முக்கால்வாசி நிறைந்திருக்க வேண்டும். ஒரு பிடி அரிசியைப் பெரிய பானையில் வைத்தால் சூடு நிற்காது. முக்கியமான விதி: திறக்கும்போது கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்த சோறும் பருப்பும் வயிற்றைக் கெடுக்கும். காலையில் வைத்ததை மாலை வரை விடாதீர்கள். மீனுக்கு இந்தப் பெட்டி தேவையில்லை, அது அடுப்பிலேயே பத்து நிமிடத்தில் வெந்துவிடும்.

மற்ற வழிகள்

மரத்தூள் அடுப்பு, மரம் அரியும் இடம் பக்கத்தில் இருந்தால். ஒரு 18 லீற்றர் எண்ணெய்த் தகரத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு அங்குல ஓட்டை போடுங்கள். ஓட்டை வழியாக ஒரு தடியை நடுவரை செருகி, அதன் மேல் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, சுற்றிவரக் காய்ந்த மரத்தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து இறுக்குங்கள். பிறகு தடியையும் போத்தலையும் திருகி மெதுவாக உருவுங்கள். கீழ் ஓட்டையில் சுள்ளி வைத்து மூட்டினால் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஒரே சீராக எரியும். கிழங்கு அவிக்கவும் மாட்டுத்தீவனம் காய்ச்சவும் நல்லது. பெயின்ட் பட்ட பலகைத் தூளும் பிளைவூட் தூளும் வேண்டாம். இதையும் கரி அடுப்பையும் பூட்டிய அறைக்குள் மூட்டக் கூடாது, எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டு வாயு வாசம் இல்லாமலே ஆளைக் கொல்லும்.

வெயில் அடுப்பு மாசி முதல் புரட்டாசி வரை. இரண்டு அட்டைப் பெட்டி ஒன்றுக்குள் ஒன்று, இடையில் கசக்கிய பேப்பர், உள்ளே பளபளக்கும் தாள், மேலே கண்ணாடி, நடுவில் கறுப்புப் பானை. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் மத்தியானம் நம் நிழல் காலடியிலேயே விழும், சூரியன் நேர் உச்சியில். அந்த நாட்களில் பெட்டியை மேல் நோக்கி வைத்தாலே போதும். பத்து மணிக்கு வைத்த சோறு பன்னிரண்டரைக்கு வெந்திருக்கும். என்னைக் கேட்டால் இதன் பெரிய பயன் வற்றல்தான். மிஞ்சிய பாகற்காயும் கொச்சிக்காயும் மழைக்காலத்துக்கு வற்றலாகும்.

சாணவாயு மூன்று நாலு மாடு கட்டி வளர்ப்பவர்களுக்கு மட்டும். ஒரு கிலோ சாணத்தில் 40 லீற்றர் அளவு வாயு வரும், ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 1000 லீற்றருக்கு மேல் வேண்டும். ஆக 25 முதல் 40 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். எருமை வைத்துத் தயிர் போடும் மூதூர், கிண்ணியாக் குடும்பங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். வெளியே வரும் கரைசல் பாத்திக்கு உடனே போகலாம். மாடு மேய்ச்சலில் சுற்றினால் சாணம் பொறுக்கியே நாள் போய்விடும், அவர்கள் இதில் காசு போட வேண்டாம்.

அடுப்பிலிருந்து பாத்திக்குத் திரும்புவது

சாம்பலில் சாம்பற்சத்தும் சுண்ணாம்பும் உண்டு. பூசணிக்கும் வாழைக்கும் மாதம் ஒரு சிரட்டை, தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி. அதிகம் போட்டால் மண் காரமாகிவிடும், உவர் வளவில் இன்னும் குறைவாகப் போடுங்கள். அழுக்கணவன் (சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி) பிடித்த பயித்தைக் குருத்தில் காலைப் பனி ஈரத்தோடு சலித்த சாம்பலைத் தூவினால் இரண்டு நாளில் குறையும். அரிசி கழுவின தண்ணீர், மீன் கழுவின தண்ணீர் இரண்டும் நேரே கொச்சிக்கும் கறிவேப்பிலைக்கும். சவர்க்காரத் தண்ணீர் மட்டும் கல்லும் சிரட்டைக்கரியும் போட்ட ஒரு குழி வழியாக வாழைக்குப் போகட்டும்.

விதை

நல்ல செடியில் இரண்டாம் பறிப்பில் வரும் காய்களில் நேர்த்தியான ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள், யாரும் பறிக்காமல் இருக்க. கத்தரி மஞ்சளாகப் பழுத்ததும் வெட்டி, விதையைத் தண்ணீரில் கசக்கி, மிதப்பதை ஊற்றி, தாழ்வதை எடுத்து நிழலில் நாலு நாள் காயவிடுங்கள். வெண்டியும் பயித்தையும் செடியிலேயே காய்ந்து கலகலக்கட்டும். விதைப் பக்கெட்டில் எஃப்1 (கலப்பின விதை) என்று போட்டிருந்தால் அதிலிருந்து விதை எடுக்க வேண்டாம், அடுத்த தலைமுறை தாய் போல வராது.

காய்ந்த விதையை ஆறிய, சலித்த சாம்பலோடு பாதிக்குப் பாதி கலந்து சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு இறுக்கி மூடுங்கள். பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். அந்த ஆச்சி தன் போத்தல்களை ஒரு பழைய வலைத் துண்டில் கட்டி, அடுப்புக்கு மேலே புகை மட்டும் தொடும் உயரத்தில், சூடு படாமல் தொங்கவிட்டிருப்பார். அங்கே வண்டு வராது. ஈரமும் ஏறாது. சமைக்கும்போது நிமிர்ந்தால் கண்ணில் படும், புரட்டாசி பிறந்ததை மறக்கவும் முடியாது.